தழும்பு இருக்கும் பாதி

மகன்,

நேற்று போனில் நீ சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு சொல் எனக்குப் பிடிக்கவில்லை. "நம்மட கடைப் பழைய டிஸ்க்க ஆரிட்டயாவது குடுத்தனுப்புங்கம்மா, என்ட மெசின் இப்ப பறக்குது" என்றாய். கொழும்பில் கணினிக் கடை வேலைக்குப் போய் இன்னும் ஒரு தீபாவளிகூட வரவில்லை, அதற்குள் ஒரு மெசினைப் பறக்க வைத்துவிட்டாய். நான் "ஓம், அனுப்புறன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அனுப்புவதா இல்லையா என்று அப்போது நான் முடிவெடுக்கவே இல்லை. பறக்குது என்ற சொல்லை நீ முன்பும் ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாய். அதே குரலில், அதே சிரிப்போடு. அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு முழுதாக நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டாமல் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஊர் என்னைச் சந்தேகப்பட்டது எல்லாரும் பார்க்கத்தான்.

நம்முடைய கடையை உனக்குத் தெரியும். களுவாஞ்சிக்குடி பிரதான வீதியில் ஒரு கதவு, ஒரு ஸ்கேனர், ஒரு கமரா, வங்கிக் கடனில் வாங்கிய ஒரு கணினி. சுனாமி அலைக்கு முந்திய அந்த வருடங்களில் நம்மிடம் வந்தவர்களில் பாதிப்பேர் அடையாள அட்டைக்கும் பஸ் சீசன் டிக்கெட்டுக்கும் படம் எடுக்க வந்தவர்கள். அவர்களில் பிள்ளைகளோடு வந்த தாய்மார் எல்லாரும் காசைக் கொடுத்தபின் ஒரே வேண்டுகோளைத்தான் மெதுவாகக் கேட்பார்கள்: "படத்த கொம்பியூட்டர்ல இருந்து அழிச்சிருவியள்தானே தங்கச்சி?" சண்டைக்குப் பிள்ளை பிடித்துக்கொண்டு போகிற காலம் அது. பிள்ளையின் முகம் எந்த இடத்திலும் தங்கியிருக்கக்கூடாது என்று பயந்தார்கள். நான் "இந்தா, அழிச்சாச்சு" என்று அவர்களுக்கு முன்னாலேயே ஒரு பட்டனை அமத்துவேன். அழிக்கவில்லை. எல்லா முகங்களையும் "கரண்ட் பில்" என்று பெயர் வைத்த ஃபோல்டருக்குள் போட்டு வைத்தேன். கரண்ட் பில்லை யாரும் ஆசைப்பட்டுத் திறந்து பார்க்கமாட்டார்கள் அல்லவா. அழிப்பதில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இந்த நாட்டில் அழிக்கச் சொல்லி ஆளுக்கு ஆள் நிற்கும்போது, ஒருத்தியாவது வைத்திருக்கவேண்டும் என்று நினைத்தேன். பொய்தான். அதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை.

பெரியகல்லாற்றுத் தவமணி அக்கா தன் மகள் துஷாவைக் கூட்டிக்கொண்டு வந்த நாளை உனக்கு நினைவிருக்கும். பெரிய பாடசாலைக்கு வந்து போக பஸ் சீசன் எடுக்கவேண்டும், அதற்குப் படம். பிள்ளையின் நாடியில், வாய்க்குக் கீழே, ஒரு தழும்பு இருந்தது. வாவியில் மட்டி பொறுக்கும்போது வழுக்கி விழுந்து மட்டி ஓடு கிழித்தது. அந்த நாட்களில் ஊரில் உள்ள அத்தனை பேரின் பருவையும் மருவையும் துடைத்து வெள்ளையாக்கிக் கொடுப்பது நீதானே. துஷா உன் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அண்ணா, இத எடுத்து விடுங்களன்" என்று நாடியைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"எடுக்காத மனே," என்றார் தவமணி அக்கா. "இவள் கல்முனைச் சந்தையில துலைஞ்சா நான் எத சொல்லிக் கேக்கிற? அது இரிக்கட்டும்."

"போங்கம்மா, நான் என்ன மாடா, குறி வச்சுத் தேட?"

"மாடெண்டா பின்னேரம் தானா வீட்ட வந்திரும்கா. நீ வரமாட்டாய்."

எல்லாரும் சிரித்தோம். நீ தழும்பை விட்டுவிட்டாய்.

அலை வந்தது. பிரதான வீதிவரை தண்ணீர் வரவில்லை. உன் அப்பா வட்டையில் வயலுக்குள் நின்றதால் பிழைத்தார். கல்லாற்றில் கரையோரம் இருந்த வீடுகளில் சுவரே நிற்காதபோது சுவரில் மாட்டிய படம் எங்கே நிற்கும். கொஞ்ச நாள் கழித்து ஆட்கள் கடைக்கு வரத் தொடங்கினார்கள். "தங்கச்சி, நீங்க அழிச்சிருப்பியள், தெரியும். ஆனா சும்மா கேட்டுப் பாப்பம் எண்டு" என்று வாசலிலேயே நின்றார்கள். நான் கரண்ட் பில்லைத் திறந்தேன். அன்று அந்தக் கடைக்குள் அழுத அழுகையை எழுத எனக்கு வராது. இறந்தவர்களின் முகம் பிரின்டரிலிருந்து அங்குலம் அங்குலமாக வெளியே வரும்போது தகப்பன்மார் அந்தத் தாளைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றதை நீயும் பார்த்தாய். அன்று யாரும் நான் ஏன் அழிக்கவில்லை என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி பிறகு வந்தது.

தவமணி அக்கா மட்டும் படம் வேண்டாம் என்றார். துஷாவின் உடல் கிடைக்கவில்லை. நான் திரையில் முகத்தைக் காட்டியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு, "மூடுங்க தங்கச்சி. படம் எடுத்தா சட்டம் போடணும், சட்டம் போட்டா மாலை போடணும். என்ட புள்ள எங்கயோ ஆஸ்பத்திரியில இரிக்காள். நீங்க பத்திரமா வச்சிருங்க, நான் தேவைக்கு வாறன்" என்றார். நான் வைத்திருப்பேன் என்றேன். அந்த வாக்குத்தான் மகன், இன்றுவரை என் கழுத்தில் கிடக்கிறது.

அதன் பிறகுதான் நிவாரணக்காரர்கள் வந்தார்கள். புத்தம்புது வாகனம், கழுத்தில் அட்டை, கையில் தண்ணீர்ப் போத்தல். அவர்களில் ஒருவர் நம் கடைக்கு வந்து, கட்டிக் கொடுத்த கொட்டில்களை எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுத் தரச் சொன்னார். கொழும்பில் பெரிய கூட்டமாம், உடனே வேண்டுமாம். மழைக்கு ஒழுகுகிற கொட்டிலுக்குப் பாட்டு எதற்கு என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். நம் கணினி வீடியோவைச் செய்ய மாடு மாதிரி மூச்சு வாங்கியது. நீ மட்டக்களப்பு டவுனில் உன் கூட்டாளியிடம் போய் வந்து, அது தொடங்கும்போது வருகிற நீலத் திரைக்குள் நுழைந்து எதையோ மாற்றினாய். "ஓவர்குளொக் பண்ணியிரிக்கன்மா, வேகத்தக் கூட்டி. ஒரு சதம் செலவில்ல. பறக்குது பாருங்க" என்றாய். வீடியோ முடிந்தது. கொட்டில்கள் பாட்டோடு கொழும்புக்குப் போயின.

எனக்கு அந்த வேகத்தில் அப்போதே சந்தேகம். காரணம் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். மெசின் இடையில் திடீரென்று உறைந்து நின்றது. நீ "அது சும்மா" என்றாய். திறந்திருந்த கடிதத்தில் எழுத்துகள் பெட்டி பெட்டியாக மாறின. நீ "ஃபொண்ட் பிழை" என்றாய். பறப்பது போதாது என்று, இன்னும் வேகமாக்குவதற்காக டிஸ்க்கில் சிதறிக் கிடந்ததையெல்லாம் எடுத்து வரிசையாக அடுக்குகிற வேலையை ஓடவிட்டாய். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் நிறம் மாறி நகர்ந்துகொண்டிருந்தன, நாம் இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அதை அழகு பார்த்தோம். முடிவில் எல்லாம் வெற்றிகரமாக முடிந்தது என்று ஒரு வரி வந்தது.

அந்த வரி பொய் என்பதைப் பிறகு நீயே இன்டர்நெட்டில் வாசித்து, சோறு தின்னும்போது தலையைக் குனிந்துகொண்டு எனக்குச் சொன்னாய். நான் அதை அரிசி மில்லை வைத்துத்தான் விளங்கிக்கொண்டேன். மில்லில் ஒரு எஞ்சின், ஒரு தண்டு. அந்தத் தண்டில்தான் நெல் குற்றுகிற மெசினுக்கும் பட்டி ஓடுகிறது, சலிக்கிற அரிதட்டுக்கும் பட்டி ஓடுகிறது. குற்றுவது வேகமாகட்டும் என்று எஞ்சினைக் கூட்டினால் அரிதட்டும் சேர்ந்து கூத்தாடும், அரிசி உமியோடு வெளியே போகும். நம் கணினியின் பழைய போர்டும் அப்படித்தான். ஒரே துடிப்பில் எல்லாம் கட்டியிருந்தது. நீ ப்ராசஸரின் வேகத்தைக் கூட்டினாய், அதோடு டிஸ்க் போய்வருகிற பாதையின் வேகமும் அதற்குச் சொன்ன அளவைத் தாண்டிக் கூடிவிட்டது. டிஸ்க்குக்குப் போன எழுத்துகள் வழியில் பிசகின. வந்ததை டிஸ்க் அப்படியே எழுதியது. கணினியும் சரி என்று சொன்னது. எரிந்திருந்தால், புகை வந்திருந்தால், நாம் உடனே நிறுத்தியிருப்போம். அது சத்தமில்லாமல் பிழையாக எழுதிக்கொண்டே இருந்தது. அடுக்குகிற வேலையை ஓடவிட்டபடியால் அலைக்கு முந்திய முகங்களும் ஒவ்வொன்றாகத் தூக்கப்பட்டு வேறிடத்தில் பிழையாக எழுதப்பட்டன. பத்திரத்துக்கு என்று நாம் கடைசியாக அடித்து வைத்த சீடிகளும் அதற்குப் பிறகு எடுத்தவை. பிழையின் பிரதியைத்தான் பத்திரப்படுத்தினோம். ஒன்றையாவது திறந்து பார்த்தோமா? இல்லை. புதுச் சீடி இருக்கிறதே என்று, அதற்கு முன் அடித்த பழைய சீடிகளைக் கல்லாற்றுக்காரர் ஒருவர் தோட்டத்தில் குருவி விரட்டக் கட்டுவதற்குக் கேட்டபோது தூக்கிக் கொடுத்தோம்.

தவமணி அக்கா தேவைக்கு வந்த நாளில் நீ டியூசனுக்குப் போயிருந்தாய். காணாமற்போனவர்களுக்குப் படத்தோடு பதியச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். இப்போது படம் வேண்டும், மாலைக்கு அல்ல, தேடுவதற்கு. நான் திறந்தேன். நெற்றி வந்தது, வகிடு வந்தது, கண்கள் வந்தன. மூக்குக்குக் கீழே சாம்பல் நிறம். அக்கா திரைக்குக் கிட்ட வந்து அந்தச் சாம்பலை விரலால் துடைத்தார். தூசி என்று நினைத்தார். பிறகு விரலைப் பார்த்தார்.

"மற்றப் பாதி எங்க தங்கச்சி?"

"மெசின் பழுதாப்போச்சு அக்கா."

"மெசின் என்னெண்டு கா பாதி முகத்தத் தின்னும்?"

அந்த மில், அரிதட்டு விளக்கம் எனக்கும் அப்போது தெரியாது. அந்தப் பாதியைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனார்.

இனி உனக்கு நான் சொல்லாத பகுதி. அதே கிழமை மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். எந்தப் பக்கம் என்று கேட்காதே, அப்போது பக்கங்கள் மாதத்துக்கு மாதம் மாறின. "ஐடிக்கு எடுத்த படமெல்லாம் அழிக்காம வச்சிரிக்கிறியளாமே அக்கா. நல்ல விசயம். ஒருக்காக் காட்டுங்க" என்றான் ஒருவன், மிகவும் மரியாதையாக. அலைக்குப் பிறகு நான் செய்த தர்மத்தைக் கதைத்துக் கதைத்தே ஊர் அவர்கள் காதில் போட்டிருந்தது. நான் கரண்ட் பில்லைத் திறந்தேன். பச்சைக் கோடு, சாம்பல் பாதி, ஒருவனின் நாடி இருக்கவேண்டிய இடத்தில் அவனுடைய நெற்றியே ஊதா நிறத்தில். பலது திறக்கவே இல்லை. "இதென்ன கண்றாவி" என்றான். "கொம்பியூட்டர் நாசம் தம்பி, நீங்க யாராவது திருத்தித் தாங்களன்" என்றேன். போய்விட்டார்கள். அன்று உன் பிழை எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியது என்று எனக்குத் தெரியாது. அதற்காக உன்னை மெச்சவும் மாட்டேன். தற்செயலுக்கு நன்றி சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஆனால் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றதை ஊர் பார்த்தது. அடுத்த நாள் படம் கேட்டு வந்தவர்களிடம் படம் இல்லை என்றேன். இரண்டையும் கூட்டினால் என்ன வரும்? "படத்தக் குடுத்திட்டு அழிச்சிட்டாள்." சந்தையில் மீன் வெட்டிக்கொடுக்கிறவர் என் முகத்துக்கு நேரே கேட்டார்: "அழிச்சன் எண்டு சொன்ன நேரம் வச்சிருந்தாய். இப்ப பழுதெண்டு சொல்றாய், அப்ப குடுத்திட்டாய்தானே?" அவர் கணக்கில் பிழை இல்லை. இந்த நாட்டில் ஒரு முகம் தானாகக் காணாமற்போகும் என்று யார் நம்புவார்கள்? இங்கே எது காணாமற்போனாலும் அதன் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான். அவர்களைச் சந்தேகப்படப் பழக்கியவர்கள் வசதியாக இருக்கிறார்கள், சந்தேகத்தைச் சுமந்தது கடை வைத்திருந்த ஒரு பொம்பிளை. மோட்டார் சைக்கிளில் வந்த இருவரில் ஒருவன் இன்று மேசை போட்டு உட்கார்ந்து ஆட்களுக்குக் கையெழுத்து வைக்கிறான். என்னைக் கண்டால் இப்போதும் மரியாதையாகத்தான் சிரிப்பான்.

டிஸ்க்கைக் கழற்றி டவுனில் திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். "ஃபோர்மட் அடிச்சா புதுசு மாதிரி வரும் அக்கா" என்றார். அப்போ படம்? "படம் போகும். டிஸ்க் நல்லா வரும்." பறித்துக்கொண்டு வந்துவிட்டேன். மேலே இருப்பவர்கள் இந்த வருடம் நமக்குச் சொல்வதும் இதைத்தானே. ஆட்கள் போனால் போகட்டும், நாடு நல்லா வரும். சண்டை முடிந்தது என்று அறிவித்து வெடி கொளுத்தியபோது எனக்கு அந்தக் கணினித் திரையின் கடைசி வரிதான் நினைவு வந்தது. வெற்றிகரமாக முடிந்தது. எதைத் திறந்து பார்த்து அப்படிச் சொல்கிறார்கள்?

தவமணி அக்கா திறந்து பார்க்கப் போனார். அலையன்று தனித்து நின்ற பிள்ளைகளை ஒரு வாகனத்தில் ஏற்றி வடக்கே கொண்டுபோனார்கள் என்று யாரோ சொன்ன ஒரு கதையை வைத்துக்கொண்டு, சண்டையில் அகப்பட்டவர்களை அடைத்து வைத்திருக்கிற வவுனியா முகாம்களுக்கு பஸ் ஏறினார். கையில் அந்தப் பாதி. முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் படத்தோடு ஆட்களாம். கம்பிக்கு அங்கால் நின்ற ஒரு பொம்பிளையிடம் நீட்டியிருக்கிறார். அவள் பார்த்துவிட்டு, "கண்ண மட்டும் காட்டினா நாங்க யாரைச் சொல்ல அம்மா? இஞ்ச இருக்கிற எல்லாப் பிள்ளையளுக்கும் இந்தக் கண்தான்" என்றாளாம். அக்கா திரும்பி வந்து நம் கடை வாங்கில் உட்கார்ந்து இதைச் சொன்னார். என்மேல் கோபம் இல்லை. "நாடியில வெட்டுக் காயம் எண்டு வாயால சொன்னன் தங்கச்சி. அங்க ஆருக்குத்தான் காயம் இல்ல. எந்த மாதிரிக் காயம் எண்டு கேக்காங்கள். படம் இருந்தாக் காட்டலாம்" என்றார். "இப்ப பெரிய புள்ளையாகியிருப்பாள். முகம் மாறியிருக்கும். அது மாறாது."

துஷா உயிரோடு இருக்கிறாள் என்று நான் நம்பவில்லை மகன். கடல் எடுத்த பிள்ளை கம்பிக்குள் இருக்கமாட்டாள். ஆனால் நம்பாமலிருப்பது என் சொந்த விசயம். தேடுகிற தாயின் கையில் பாதி முகத்தைக் கொடுத்தது நம் இருவரின் விசயம். அவர் அடுத்த மாதம் மறுபடியும் போகிறார்.

அதனால்தான் உன் "பறக்குது" எனக்கு நெஞ்சில் குத்தியது. அடுக்கும்போது முகங்களை வேறிடத்துக்கு மாற்றிப் பிழையாக எழுதினாலும், அவை முன்பு இருந்த இடத்தில் அதன்மேல் வேறு எதுவும் எழுதப்படாமலிருந்தால் பழையது இன்னும் கிடக்கலாம் என்று நீதான் சொன்னாய். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருடமாக டிஸ்க்குக்கு மின்சாரம் காட்டாமல், உப்புக்காற்றுப் படாமல், துணி சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். அது இனி எத்தனை தடவை சுழலும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு தடவைதான் என்று வைத்துக்கொள்.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். "இப்ப வாற போர்ட்ல லொக் இரிக்கிம்மா, மற்றதையெல்லாம் கூட்டினாலும் டிஸ்க்கின்ட வேகம் மாறாது." நானும் கடையில் இருந்து வாசித்தேன். லொக் இருக்கிறது என்று சொன்னது அதை விற்றவன்தானே. சரி, இருக்கட்டும். மெமரியையும் கூட்டித்தானே பறக்கவிட்டிருக்கிறாய்? டிஸ்க்கிலிருந்து சரியாக வருகிற முகம் மெமரியில் தங்கும்போது ஒரு புள்ளி பிசகினால், திரும்ப எழுதும் டிஸ்க் அந்தப் பிசகை விசுவாசமாக எழுதும். கூடக் கேட்கிற மின்சாரத்தை உன் பவர் சப்ளை எங்கிருந்து கொடுக்கிறது? அது தளும்பினால் பழைய டிஸ்க் தாங்குமா? நடுவில் மெசின் உறைந்தால்? விளையாட்டு உறைந்தால் மறுபடி தொடங்கலாம். இதை மறுபடி தொடங்க முடியாது.

ஆகவே டிஸ்க்கை யாரிடமும் கொடுத்து அனுப்பமாட்டேன். நானே கொழும்பு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். நான் வரும்போது உன் மெசின் கடையில் வாங்கிய நாளில் இருந்த வேகத்தில் இருக்கவேண்டும். அதை நீ சொல்லி நான் நம்பமாட்டேன், அந்த நீலத் திரையைத் திறந்து எனக்குக் காட்டு. மெமரியைச் சோதிக்கிற வேலையை நான் வருவதற்கு முன்பே ஒரு முழுநாள் ஓடவிடு. டிஸ்க்கில் எதுவும் எழுதாதே, அடுக்காதே, திருத்தவா என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல். இருப்பதை இருக்கிறபடியே, பழுதையும் சேர்த்து, வேறொரு டிஸ்க்குக்கு முழுதாகப் பிரதி எடு. பழையதைக் கழற்றி என் கையில் தா. பிறகு அந்தப் பிரதியில் தேடு. மெதுவாக ஓடுகிறது என்று சலிக்காதே. உனக்குப் பக்கத்தில் கதிரை போட்டு நானும் இருப்பேன். எத்தனை நாள் ஆனாலும் ஒவ்வொரு முகத்தையும் திறந்து, மேலிருந்து கீழ்வரை கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அது இருக்கிறது என்று சொல்வோம். திரை சொல்வதைக் கேட்டுச் சொல்லமாட்டோம்.

ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். அப்படியென்றால் தவமணி அக்காவிடம் நீ போய், என்ன நடந்தது என்று உன் வாயால் சொல்லவேண்டும். மில், எஞ்சின், அரிதட்டு எல்லாம் சொல்லு, விளங்கிக்கொள்வார். உன் பெயரை நான் இத்தனை வருடம் அவரிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை யாராவது அவருக்கு வாசித்துக் காட்டுமுன் நீ போய்விடு.

கிடைத்தால், எனக்கு ஒரு விசயத்தில்தான் பயம். உன் கை பழகிய கை. நாடிக்கு வந்ததும் அது தானாகவே துடைக்கப் போகும். அந்தத் தழும்பில் கை வைக்காதே.

அம்மா